பீஸ் வாங்காத வக்கீல்

கம்பைநல்லூர்
12.3.2024

மரியே வாழ்க.

அன்புள்ள எழிலுக்கு தெரசா எழுதுவது. நானும் ஸ்டெல்லாவும் நலம். உன் வீட்டில் எல்லோருடைய நலத்துக்கும் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் போட்டால் நீ கோர்ட்டில் இருக்கிறாய், இல்லாவிட்டால் எதிரே கட்சிக்காரர் இருக்கிறார். "அப்புறம் கூப்பிடறேன்டி" என்கிறாய். உன் வேலை எனக்குத் தெரியாதா? அதனால்தான் உன் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

ஸ்டெல்லாவுக்கு சேலத்தில் நர்சிங் முதல் வருஷம் நன்றாகப் போகிறது. என் அங்கன்வாடியில் இப்போது இருபத்திரண்டு பிள்ளைகள். உதவியாளர் பணியிடம் இன்னும் காலி. சமையலும் நானே, எடை போடுவதும் நானே.

போன வாரம் குப்புராஜ் நம் கிணற்று மேட்டில் வந்து நின்று நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எண்பதாயிரம் கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, நிலத்தையே விற்க ஒப்புக்கொண்டார், ஆறு லட்சம் முன்பணம் வாங்கினார் என்று வழக்குப் போட்ட மனுஷன். என்னைப் பார்த்தால் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னவோ போலிருந்தது. வேறொன்றும் இல்லை.

போன மாதம் ஒருநாள் உன் ஆபீசுக்கு வந்திருந்தேன். கூட்டமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். புது புளி மூன்று கிலோ உன் குமாஸ்தா வீரமணி தம்பியிடம் கொடுத்தேன். வந்து சேர்ந்ததா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் அன்புத் தோழி,
தெரசா


அரூர்
20.3.2024

அன்புத் தெரசா,

உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து படித்தேன். அதே குண்டு எழுத்து. என் மகனிடம் காட்டினேன். "இதுக்கு எதுக்கும்மா ஸ்டாம்ப்பு?" என்று கேட்கிறான்.

புளி வந்தது. இனிமேல் இதெல்லாம் கொடுத்துவிடாதே. வழக்கைக் கொண்டுவந்த முதல் நாளே மூவாயிரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாயே, அப்போதே உன்னைத் திட்டினேன். உன் வீட்டுக்காரர், ஆரோக்கியராஜ் அண்ணன், இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன்னிடம் பீஸ் வாங்கினால் நான் மனுஷியா?

பீஸ் என்றதும் என் சீனியர் நினைவுக்கு வருகிறார். நான் ஜூனியராக இருந்தபோது அவர் ஜன்னலோரம்தான் உட்காருவார். கட்சிக்காரர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறாரா, காரில் வருகிறாரா என்று பார்ப்பார். பீஸ் அங்கேயே முடிவாகிவிடும். ஒரே மாதிரி இரண்டு பாகப்பிரிவினை வழக்குகள். ஒருவரிடம் பத்தாயிரம் வாங்கினார், இன்னொருவரிடம் அறுபதாயிரம். "இது எப்படி சார் நியாயம்?" என்று கேட்டேன். "அவன்கிட்ட இருக்குது, வாங்கறேன். இவன்கிட்ட இல்ல, விட்டுடறேன். இதுக்கு மேல என்னம்மா நியாயம்?" என்றார். இப்போது நானும் அப்படித்தான் இருக்கிறேன். மாரண்டஹள்ளியில் அர்ச்சுனன் என்று ஒரு தக்காளி மண்டிக்காரர். கூட்டாளியோடு வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஐயாயிரம் எண்ணி வைக்கிறார். அவரைப் போல நாலு பேர் இருப்பதால்தான் காருக்குத் தவணை கட்டுகிறேன், உனக்குச் சும்மாவும் செய்ய முடிகிறது. அதனால் நீ சங்கடப்படாதே.

குப்புராஜ் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நம் பதிலுரை தயாராக இருக்கிறது. அடுத்த வாய்தா ஜூனில். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு என் அன்பு.

உன்,
எழிலரசி


கம்பைநல்லூர்
2.7.2024

மரியே வாழ்க.

அன்புள்ள எழில்,

நேற்றும் இன்றும் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

போன வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டிலிருந்து ஒருவர் அங்கன்வாடிக்கே வந்துவிட்டார். "இங்க தெரசாங்கறது யாருங்க?" என்றார். ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். என்ன என்று கேட்டேன். "கொண்டாந்து குடுக்கறதுதாங்க என் வேலை. நீங்க உங்க வக்கீலப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்துப் பள்ளி டீச்சர் படித்துச் சொன்னார். வழக்கில் போன ஜனவரியிலேயே தீர்ப்பாகிவிட்டதாம். நான் பதிலே கொடுக்காததால் குப்புராஜ் சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பாம். அவர் மீதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டாராம். நான் நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் கோர்ட்டே எழுதிக் கொடுத்துவிடுமாம்.

டீச்சருக்குத் தப்பாகப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ரேஷன் கடையில் குப்புராஜே சொன்னார்: "உங்க வக்கீலம்மா ஒரு காயிதங்கூடப் போடலீங்களே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" நாலு பேர் முன்னால் சொன்னார். நான் நம்பவில்லை.

எழில், நீ வரச்சொன்ன ஏதாவது ஒரு தேதியை நான் மறந்துவிட்டேனா? வர வேண்டாம் என்று நீ சொன்னதாகத்தான் ஞாபகம். ஏதாவது கையெழுத்து நான் போட வேண்டியிருந்து போடாமல் விட்டேனா? தப்பு என் பேரில் இருந்தால் மன்னித்துக்கொள். இவ்வளவு செய்கிறவளுக்கு மேலும் தொல்லை கொடுக்கிறேன்.

காகிதத்தின் நகல் இதோடு இருக்கிறது.

தெரசா


அரூர்
8.7.2024

அன்புத் தெரசா,

பதறாதே. இது ஒருதலைத் தீர்ப்பு. கோர்ட்டில் தினமும் நடப்பதுதான். ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். தாண்டிவிட்டதால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். இரண்டையும் தயார் செய்துவிட்டேன். டைப்பிங், ஸ்டாம்ப் எல்லாம் என் செலவு.

இதோடு உன் பெயரில் ஒரு சத்தியப் பிரமாண வாக்குமூலம் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறித்திருக்கிற இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வீரமணியிடம் கொடுத்துவிடு. உனக்கு மஞ்சள் காமாலை கண்டு படுக்கையில் இருந்தாய், அதனால் வக்கீலைப் பார்த்து விவரம் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத் திகைக்காதே. தாமத மனு என்றால் எல்லோரும் போடுவது காமாலைதான். நீதிபதிக்கும் தெரியும், எதிர்த்தரப்புக்கும் தெரியும். எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் செலவுத் தொகை கட்டச் சொல்லி அனுமதித்துவிடுவார்கள்.

என்ன நடந்தது என்பதை நேரில் சொல்கிறேன். இப்போது கையெழுத்துதான் அவசரம்.

எழில்


கம்பைநல்லூர்
15.7.2024

எழில்,

கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாளாக அந்தக் காகிதம் மேசை மேல் இருக்கிறது. பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

எனக்குக் காமாலை வந்ததே இல்லை. நான் படுக்கையில் இருந்ததாக நீ எழுதியிருக்கிற அந்த மாதங்களில் ஒருநாள்கூட லீவு போடவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் என்னைத் தினமும் பார்த்தவர்கள். ஆண்டவர் முன்னிலையில் உண்மை என்று எழுதி, கீழே தெரசா என்று போட வேண்டுமாம்.

அதைக்கூட விடு. காமாலை யாருக்கு வந்தது என்று நீ மறந்துவிட்டாயா? தருமபுரி ஆஸ்பத்திரியில் அவருடைய கண் மஞ்சளாகிக் கிடந்தபோது கால்மாட்டில் நின்று அழுதவள் நீ. அந்தச் செலவுக்குத்தான் குப்புராஜிடம் போய் நின்றோம். அந்த நோயை எடுத்து எனக்குப் போட்டிருக்கிறாயே. படித்ததும் வேண்டுமென்றே எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், நீ யோசிக்கவே இல்லை என்று தெரிகிறது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் ஆபீசுக்கு நான் வந்தது ஒருநாள் மட்டும் இல்லை. ஐந்தாறு தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் வீரமணி தம்பி, "அக்கா, கொஞ்சம் அப்படி உக்காருங்க. பீஸ் குடுத்தவங்க முடிச்சிட்டுப் போயிரட்டும்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் நியாயம்தானே என்று உட்கார்ந்திருப்பேன். நீ கதவைத் திறந்து, "ஏய், எப்ப வந்த? கேஸ் நல்லாப் போகுதுடி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிடுவாய். எனக்கும் அது போதும் என்றிருக்கும். சும்மா செய்கிறவளிடம் எதைக் கேட்பது? பதிலுரை போட்டாயா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும்.

இப்போது கேட்கிறேன். பதிலுரை போட வேண்டிய அன்று நீ எங்கே இருந்தாய்?

தெரசா


அரூர்
28.7.2024

தெரசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ உடனே "பரவால்லடி" என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தருமபுரியில் இருந்தேன். அர்ச்சுனனுடைய வழக்கில். நீ ஒருநாளைக் கேட்டிருக்கிறாய். அது ஒருநாள் இல்லை. பதிலுரைக்கு மூன்று வாய்தா கொடுத்தார்கள். முதல் தடவை ஜூனியர் பையனை அனுப்பி நேரம் கேட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, இதுதான் கடைசி என்று நீதிபதி சொல்லியிருந்தார். அன்று அர்ச்சுனன் காலையிலேயே காரோடு வாசலுக்கு வந்துவிட்டார். "மேடம், இன்னிக்கு நீங்களே நிக்கணும். அதுக்குத்தான குடுக்கறேன்" என்றார். போனேன். அரூரில் உன் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் இல்லை.

பதிலுரை தயார் என்று எழுதினேனே, அப்படி ஒன்று இல்லவே இல்லை. முதல் பக்கம் மட்டும் டைப் செய்து வைத்திருந்தேன். வாய்தா ஜூனில் என்று எழுதிய அன்று தீர்ப்பு வந்தே ஏழெட்டு வாரமாகியிருக்கிறது. எனக்குத் தெரியாது. உன் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு மாதத்தைச் சொன்னேன்.

இதில் அசிங்கம் என்னவென்றால், உன் கட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தியது. சும்மாதானே செய்கிறோம், கொஞ்சம் தாமதமானால் தெரசா புரிந்துகொள்வாள் என்று சொல்லிக்கொள்வேன். பணம் கொடுத்தவர்கள் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். நீ கேட்கவில்லை. பீஸ் வேண்டாம் என்று சொன்னபோது நான் எவ்வளவு நல்லவள் என்று ஒரு வாரம் பூரித்துப் போயிருந்தேன். அந்தப் பூரிப்போடு உன் வேலையும் முடிந்துவிட்டது போல இருந்துவிட்டேன்.

காமாலையைப் பற்றி: கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி மனு இருக்கிறது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவோம். அண்ணன் முகம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போடு. தப்பு வக்கீலுடையது, கட்சிக்காரருடையது இல்லை என்று நானே வாக்குமூலம் கொடுக்கிறேன். கூண்டில் ஏறச் சொன்னால் ஏறுகிறேன். ஆனால் நானே உனக்கு வக்கீலாகவும் இருந்துகொண்டு சாட்சியும் சொல்ல முடியாது. வேறு வக்கீல் வை. அவருடைய பீஸை நான் தருகிறேன்.

எழிலரசி


கம்பைநல்லூர்
11.8.2024

எழில்,

தருமபுரியில் மாதவராஜ் என்பவரிடம் வழக்கைக் கொடுத்துவிட்டேன். பங்குக் கோயிலில் பாடல் குழுவில் இருக்கிற ஒரு அக்கா சொன்னார்கள். வக்கீல் மாற்றத்துக்கு உனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதி, வழக்குக் காகிதங்களையும் சேர்த்து அவர் ஆபீசுக்கு அனுப்பிவிடு.

பீஸ் இருபத்தைந்தாயிரம். மூன்று தவணை. மனு எழுதுவதற்கு எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு, முழு வழக்கும் நடந்தால் மேற்கொண்டு எவ்வளவு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது நியாயமான தொகையா என்று எனக்குத் தெரியவில்லை. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வருகிறது. அவர் இரண்டு மாலை உட்கார்ந்து மனுவை எழுதிவிட்டார். கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது. கம்மலை அடகு வைத்துத்தான் முதல் தவணை கொடுத்தேன்.

ஆனால் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன் பார், என்னென்ன கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். இது எதற்கு, அது எப்போது, நீங்களே வருவீர்களா, ஜூனியரா என்று கேட்டேன். ஒரு இடத்தில் அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டார். "சார், நான் காசு குடுத்திருக்கறனுங்க" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

நீ பீஸ் தர வேண்டாம். கூண்டில் ஏறுவதாகச் சொன்னாயே, அதை மட்டும் செய்.

தெரசா


அரூர்
25.11.2024

அன்புத் தெரசா,

தீர்ப்பு ரத்தானது தெரிந்து நிம்மதியாக இருக்கிறது. இனி வழக்கு முதலிலிருந்து நடக்கும். மாதவராஜ் கெட்டிக்காரர். பதிலுரையை அன்றைக்கே தாக்கல் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாட்சி சொல்லிவிட்டு நான் கூண்டிலிருந்து இறங்கி வருவதற்குள் நீ அவரோடு போய்விட்டாய். வாசலில் தேடினேன். பஸ்ஸுக்கு ஓடியிருப்பாய்.

அர்ச்சுனன் மறுவாரமே தன் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "கோர்ட்டுல நின்னு தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ற வக்கீல வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பார் அசோசியேஷனில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு மூத்த வக்கீல் மட்டும், "காமாலைன்னு போட்டுட்டுப் போயிருக்கலாமேம்மா" என்றார். இதை எல்லாம் உன் பரிதாபத்துக்காக எழுதவில்லை. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

செலவுத் தொகை எட்டாயிரம் குப்புராஜுக்குக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது என் தப்புக்கு விழுந்த தொகை. நான்தான் கட்ட வேண்டும். எங்கே கொண்டுவந்து தருவது என்று சொல்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம் போல வரட்டுமா? ஸ்டெல்லாவும் லீவில் வந்திருப்பாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்கும் தைரியம் இல்லை. வரட்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

உன்,
எழில்


கம்பைநல்லூர்
14.12.2024

மரியே வாழ்க.

அன்புள்ள எழில்,

ஸ்டெல்லா நேற்று வந்துவிட்டாள். ஓலை நட்சத்திரம் கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருக்கிறாள். "எழில் அத்தை எப்பம்மா வராங்க?" என்று கேட்டாள். உனக்கு எழுதிவிட்டு அவளுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செலவுத் தொகையைக் கட்டிவிட்டேன். மாதவராஜ் சார்கூட, "அந்தம்மா கட்டட்டுமே" என்றார். நீ கட்டினால் மறுபடியும் நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது. பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். உன்மேல் இரக்கப்பட்டு மட்டுமில்லை. அதற்கும் நாலு தரம் அலைய வேண்டும், எனக்கு லீவு கிடையாது.

அன்று நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை. நின்றால் உன்னோடு பேச வேண்டிவரும் என்றுதான் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குப்புராஜின் வக்கீல், "பீஸ் வாங்கலங்கறதால வேலை செய்யலன்னு சொல்றீங்களா மேடம்?" என்றார். நீ "ஆமாங்க" என்றாய். "இதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்றார். "இருக்குதுங்க" என்றாய். அப்போது எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். அதன் பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. மூவாயிரத்தை உன் மேசையில் வைத்தபோது, நீ வாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வாங்கிவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தேன். ஸ்டெல்லாவின் காலேஜ் சேர்க்கைக்கு அந்த மிச்சம் தேவைப்பட்டது. கோயிலில் எல்லோரிடமும் "என் சிநேகிதி எனக்குச் சும்மா செய்யறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை போய்விடக் கூடாது என்றுதான் ஒன்றும் கேட்காமல் இருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. உன் தப்பு இதனால் சிறிதாகிவிடாது. ஆனாலும் நீ மட்டும் சுமக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வராதே, எழில்.

நீ வந்தால் நான் வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பேன். பிரியாணி போடுவேன். சிரித்துச் சிரித்துப் பேசுவேன். உன்னிடம் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சிரிப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. நீயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாய். சரியாகவில்லை. நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது. சில நாள் சத்தமாகவே திட்டுகிறேன். தனியாக நின்று திட்டிவிட்டு வருகிறேன்.

இந்தக் கோபம் தீர்ந்ததும் நானே கூப்பிடுகிறேன். எப்போது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவிடம் அத்தைக்கு இந்த வருஷம் வேலை என்று சொல்ல நினைத்தேன். அதுவும் வேண்டாம், உள்ளதையே சொல்லிவிடுகிறேன்.

தெரசா